கொற்கை மண்ணிற் சங்கு

மண்ணினின்று வெளிப்படும் பழம்பொருள் எதுவாயினும் அதனை நோக்கி நாம் எழுப்பத்தக்க வினாக்கள் இரண்டு. 'இது யாது?' என்பது ஒன்று. 'இஃது இங்கே வந்தது எங்ஙனம்?' என்பது மற்றொன்று. முதல் வினாவிற்குரிய விடை அப்பொருளின் உடலிலேயே அமைந்துள்ளது. இரண்டாவதன் விடையோ அது கிடந்த இடத்தில் உள்ளது. பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இடத்தை மறந்துவிடுவோன் பாதி விடையை அங்கேயே விட்டு வருகின்றான். இவ்வுண்மையைப் பொருநைக் கரையாராகிய நாம் நன்கறிந்த ஓர் உயிரின் ஓட்டைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுயிர் சங்கு; அவ்விடம் கொற்கை.

கொற்கையும் கடலும்

பாண்டியரின் பழந் துறைமுகமாகிய கொற்கை, பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்ததாய் இருந்து, 1986-ஆம் ஆண்டுமுதல் தூத்துக்குடி மாவட்டத்தின் பாற்பட்டுள்ளது. தாலமி என்னும் யவன நிலநூலாரால் 'கொல்கோய்' எனக் குறிக்கப்பெற்ற அவ்வூர் இன்று கடலினின்று ஏறக்குறைய 6 கிலோமீட்டர் உள்ளே நெல்வயல்களின் நடுவே அமைந்திருக்கின்றது. துறைமுகம் வயலூர் ஆயினமை எங்ஙனம் என்று வினவினார் பலர். அவருள் முதன்மையானவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் ஆவர். அவர் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து கண்டவற்றை 1877-இல் ஆராய்ச்சி இதழொன்றில் வெளியிட்டார். நிலத்தின் கீழே கடற்சிப்பிகள் கிடப்பதைக் கண்டு, ஒரு காலத்திற் கடல் அவ்விடம்வரை இருந்ததென்றும், ஆறு கொணர்ந்த வண்டல் கடலைச் சிறிது சிறிதாகப் பின்தள்ளியதென்றும் கருதினார். 1883-இல் புரூஸ் பூட் என்னும் நிலநூலறிஞர் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை விரித்தெழுதினார். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1968, 1969-ஆம் ஆண்டுகளில் கொற்கையை அகழ்ந்தனர். அங்குக் கிடைத்த கரியைக் கதிரியக்க முறையாற் கணித்து அதன் காலம் கி.மு. 785 அளவினதென உரைத்தனர். 2021-இல் அங்கே மீண்டும் அகழ்வு நிகழ்ந்தது.

இவற்றிடையே ஓர் ஐயம் எழுகின்றது. கொற்கை கடற்கரையூர் மட்டுமன்று. முத்துக்குளிப்போரும் சங்கு குளிப்போரும் வாழ்ந்த ஊருமாகும். மதுரைக்காஞ்சி அவ்வூரின் முத்தையும் வளையையும் ஒருங்கே பேசுகின்றது. ஆகவே அங்கு மண்ணிற் கிடைக்கும் ஒரு சங்கு, கடல் தானே இட்டுச் சென்றதாகவும் இருக்கலாம். மக்கள் படகிலேற்றிக் கொணர்ந்து போட்டதாகவும் இருக்கலாம். முன்னதாயின் அது பழைய கடலுக்குச் சான்று. பின்னதாயின் பழைய தொழிலுக்குச் சான்று. இரண்டையும் மயங்கவைப்பின் கடற்கரையின் வரலாறும் பிழைபடும்; கைத்தொழிலின் வரலாறும் பிழைபடும். இம்மயக்கத்தைத் தீர்க்கும் வழியினைப் படிப்படியாகக் காண்போம்.

சங்கின் உறுப்புக்கள்

முதற்படி, கையிலுள்ளது சங்குதானா என்று துணிதல். நத்தையினத்து ஓடு ஒவ்வொன்றும் ஒரு நடுத்தண்டைச் சுற்றி வளர்ந்த குழாய் எனக் கொள்ளலாம். அக்குழாயின் ஒவ்வொரு வளைவும் 'சுற்று' எனப்படும். கடைசிச் சுற்று பெரியது. உயிரின் உடல் பெரும்பாலும் அதனுள் அடங்கியிருக்கும். மேலுள்ள சிறு சுற்றுக்கள் கூடிக் கோபுரமாகும். கோபுரத்தின் உச்சியில் இருப்பது கருவோடு. முட்டையினுள் இருந்தபோதே அவ்வுயிர் கட்டிக்கொண்ட முதல் வீடு அது. கீழே திறந்திருப்பது வாய். வாயின் அடிமுனை நீண்டு ஒரு வாய்க்காலாகும். அதன் வழியே உயிர் நீரை உள்ளிழுத்து மூச்சுவிடும்.

சங்கின் ஓடு கனத்தது, பேரிக்காய் வடிவினது, கோபுரம் குட்டையானது, கடைசிச் சுற்று பருத்தது, வாய்க்கால் நீண்டது. உயிருள்ளபோது ஓட்டின்மீது பழுப்பு நிறத் தோலொன்று போர்த்திருக்கும். நாம் கோயிலிலும் வீட்டிலும் காணும் வெண்மை அத்தோல் நீக்கியபின் தோன்றுவது. மண்ணிற் கிடந்த சங்கிலோ தோல் அழிந்திருக்கும், நிறம் மங்கியிருக்கும், கோபுரமும் விளிம்பும் உடைந்திருக்கும். எனின், எதனைக்கொண்டு அடையாளம் காண்பது? நடுத்தண்டைக்கொண்டே. வாயினுள் நோக்கின், சங்கின் நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புக்கள் குறுக்கே ஓடக் காணலாம். ஓடு முழுதும் நொறுங்கினும் நடுத்தண்டு எளிதில் நொறுங்காது. ஆதலின் விரலளவு துண்டேயாயினும் அம்மடிப்புக்கள் இருப்பின் அது சங்கு எனத் துணிதற்குப் பெரிதும் இடமுண்டு.

ஒத்தவற்றினின்று பிரித்தல்

ஒன்றை 'இது' எனக் கூறுதல் எளிது; 'இது பிறிதன்று' என நாட்டுதலே அரிது. ஆகவே நம் கடற்கரையிற் சங்கோடு மயங்கத்தக்கவற்றை ஒவ்வொன்றாக நோக்கி விலக்குதல் வேண்டும்.

முதலாவது, கழிமுகச் சேற்றில் வாழ்வதும் பழைய நூல்களில் ஹெமிபூசஸ் எனப் பெயர் பெற்றதுமாகிய நத்தை. அதுவும் பேரிக்காய் வடிவினதே. ஆனால் அதன் நடுத்தண்டு வழுவழுப்பானது, மடிப்பற்றது. இரண்டாவது, முட்சங்கு. அதன் சுற்றுக்களில் கிளைத்த முட்கள் நிற்கும். முட்கள் தேய்ந்தொழியினும் அவை நின்ற தடித்த விளிம்புகள் காணப்படும். அதன் நடுத்தண்டும் மடிப்பற்றதே. மூன்றாவது, ஐவிரற் சங்கு. முதிர்ந்ததன் உதட்டில் விரல்போன்ற நீட்சிகள் உண்டு. இளையதற்கு அவை இல்லை. எனவே விரலில்லாமை ஒன்றே கொண்டு அதனைச் சங்கென்றல் கூடாது. நடுத்தண்டை நோக்கல் வேண்டும். நான்காவதே பெரிதும் மயக்கந் தருவது. அஃது அறிஞர் பிளூரோபிளோகா என்று வழங்கும் பெருநத்தை. அதற்கும் நடுத்தண்டில் மடிப்புக்கள் உண்டு. ஆயினும் அவை மெல்லியவை, சாய்ந்தவை, நடுத்தண்டின் அடிப்புறத்தே அமைந்தவை. அதன் சுற்றுக்களின் தோளிற் புடைப்புக்கள் இருக்கும். வாயினுள்ளே சிவந்த மெல்லிய கோடுகள் ஓடும். சங்கின் மடிப்போ தடித்தது, குறுக்கானது.

இங்ஙனம் விலக்கத்தக்கவற்றை விலக்கி எஞ்சுவதைக் கொள்ளுதலே அடையாளங் காணும் முறை. ஒரே குறியை நம்பாமல் வடிவம், மடிப்பு, வாய்க்கால், கருவோடு ஆகிய பல குறிகளும் ஒருமுகமாய் நிற்கின்றனவா என்று பார்ப்பதே ஆராய்ச்சியாளர் வழக்கு.

வரிசையும் பெயரும்

இனி, அறிந்த பொருளை உயிர்களின் பெரு வரிசையில் அதற்குரிய இடத்தில் வைத்தல் இரண்டாம் படி. சங்கு, மெல்லுடலிகள் என்னும் தொகுதியில், வயிற்றுக்காலிகள் என்னும் வகுப்பில், நியோகாஸ்திரோபோடா என்னும் வரிசையில், டர்பினெல்லிடே என்னும் குடும்பத்தில், டர்பினெல்லா என்னும் பேரினத்தில், பைரம் என்னும் சிற்றினமாகும். பைரம் என்பது பேரிக்காயைக் குறிக்கும் இலத்தீன் சொல்.

இப்பெயர் வந்த வரலாறு மாணாக்கர்க்கு ஒரு நல்ல பாடம். சுவீடன் நாட்டு லின்னேயசு 1767-இல் இதற்கு 'வொலூட்டா பைரம்' எனப் பெயரிட்டார். நடுத்தண்டில் மடிப்புடைய நத்தைகளையெல்லாம் வொலூட்டா என்னும் ஒரே பேரினத்தில் அவர் அடக்கினார். பின்வந்தோர் பற்பட்டையையும் உள்ளுறுப்புக்களையும் ஆராய்ந்து, மடிப்பு ஒத்திருப்பினும் உறவு ஒவ்வாதவை பல அதனுட் கலந்திருப்பதை உணர்ந்து பிரித்தனர். 1798-இல் ரோடிங் என்பார் சங்கினத்துக்கு 'சாங்கஸ்' எனப் பெயரிட்டார்; அது நம் 'சங்கு' என்னுஞ் சொல்லே மேனாட்டார் நாவிற் புகுந்து இலத்தீன் உருவம் பெற்றது. அடுத்த ஆண்டில், 1799-இல், லமார்க்கு 'டர்பினெல்லா' எனப் பெயரிட்டார். முந்திய பெயரே நிற்கும் என்பது பெயரிடல் விதி. அதனால் நம் நாட்டு நூல்கள் பல நெடுங்காலம் 'சாங்கஸ் பைரம்' என்றே எழுதிவந்தன. பின்னர் விலங்குகளின் பெயர்களை முறைப்படுத்தும் பன்னாட்டு ஆணையம், பெருவழக்கிலிருந்த டர்பினெல்லாவையே நிலைநிறுத்திச் சாங்கஸை விலக்கியது. இன்று 'டர்பினெல்லா பைரம்' என எழுதி, லின்னேயசு பெயரையும் 1767 என்னும் ஆண்டையும் பிறைக்குறிக்குள் இடுவர். சிற்றினப் பெயரை முதலில் வைத்தவர் அவர். பேரினம் பின்னர் மாறியது என்பதே அப்பிறைக்குறியின் பொருள்.

பழைய நூலில் ஒரு பெயரும் புதிய நூலில் வேறொரு பெயரும் காணும் மாணவன் அவை இரண்டு உயிர்கள் என மயங்குதல் கூடாது. பெயர் மாறினும் ஓடு மாறவில்லை. ஒவ்வொரு பெயர்மாற்றமும், 'இதன் உறவினர் யாவர்?' என்னும் வினாவிற்கு முன்னினும் திருந்திய விடை அல்லது வழக்குக் குறித்து எழுந்த உடன்பாடு என அறிக.

ஓரினமும் அதன் வேறுபாடுகளும்

எத்துணை வேறுபாடு இருப்பின் வேறு சிற்றினம் எனல் தகும்? இவ்வினாவிற்குச் சங்கே இரண்டு எடுத்துக்காட்டுத் தருகின்றது.

ஒன்று வலம்புரி. கோபுரம் மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் இருக்குமாறு ஓட்டைப் பிடித்தால், இயல்பான சங்கின் வாய் நம் வலப்பக்கம் தோன்றும். நம்மவர் வலம்புரி எனப் போற்றும் சங்கின் வாயோ இடப்பக்கம் தோன்றும். ஆதலின் நாம் வலம்புரி என்பதை உயிர்நூலார் இடச்சுற்று என்பர். பிடிக்கும் முறை வேறாதலால் வந்த மாறுபாடு இது. வலம்புரி மிக அரியது. அதன் விலையும் மிகப் பெரிது. எனினும் அது வேறினமன்று. கண்ணாடியிற் காணும் நிழல்போல எல்லா உறுப்பும் திசைமாறி அமைந்த அதே டர்பினெல்லா பைரம் என்க.

மற்றொன்று நிலத்துக்கேற்ற வேறுபாடு. மன்னார் வளைகுடாச் சங்கினை 'ஜாதி' என்றும், பாக்கு நீரிணைப் பக்கத்துச் சங்கினைப் 'பட்டி' என்றும் சங்கு குளிப்போரும் வணிகரும் பிரித்து விலை கூறுவர். உயிர்நூலாரும் அவற்றைத் தனித்தனி வகைகளாகக் குறித்துள்ளனர். ஆயினும் சிற்றினம் ஒன்றே எனக் கொண்டனர். இவ்வேறுபாட்டின் காரணம் கருவோட்டில் தெரிகின்றது. தாய்ச் சங்கு, ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முறுக்கிய நீண்ட கூடொன்றிற் பல அறைகளாக முட்டையிடும். குஞ்சுகள் அக்கூட்டினுள்ளேயே ஓடு கட்டிக்கொண்டு, வெளிவந்தவுடன் மணலில் ஊர்கின்றன. வேறு பல நத்தைகளின் குஞ்சுகளைப்போல் நீரில் மிதந்து தொலைவு செல்வதில்லை. ஆதலின் ஒவ்வொரு கடற்பகுதியின் சங்கும் பெரும்பாலும் தன் சுற்றத்தோடே பெருகித் தனிச்சாயல் கொள்கின்றது. முட்டையினுள் வளர்ச்சி நீடித்தமையால் கருவோடும் பெருத்துக் குமிழ்போல் உள்ளது. ஓட்டின் உச்சியை ஒரு முறை நோக்குவதனால் அவ்வுயிரின் இளமை வரலாறே புலனாதல் வியப்பன்றோ!

பாறையிற் கிடப்பவை

கொற்கைச் சங்கு சில ஆயிரம் ஆண்டுகளே பழமையுடையது. அதன் ஓடு இன்னும் ஓடாகவே உள்ளது. மிகப் பழைய பாறைகளிலுள்ளவற்றை அறிதல் இதனினும் கடினம். அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் கிரெட்டேசியக் காலப் படிவுகள் இதற்குச் சிறந்த சான்று. அவை 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அங்குக் கிடைத்த ஓடுகளை முதலில் எட்வர்டு போர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் பணியாற்றிய ஸ்டோலிக்ஸ்கா, நத்தையினத்துக்கென்றே ஒரு பெருநூலை 1867, 1868-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்.

இத்தகைய பாறைகளிற் பலவிடத்தும் ஓடு நீரிற் கரைந்துபோக, அதனுட் புகுந்து இறுகிய மண்ணே உள்வார்ப்பாய் எஞ்சியிருக்கும். உள்வார்ப்பில் ஓட்டின் புறத்தே இருந்த முள்ளும் கோடும் தெரியா. ஆயினும் நடுத்தண்டின் மடிப்பு இருந்தவிடத்தில் அதற்கு நேரான பள்ளம் பதிந்திருக்கும். ஆகவே அங்கேயும் நடுத்தண்டே துணை செய்கின்றது. உள்வார்ப்பைக்கொண்டு குடும்பத்தைத் துணியலாம்; சிற்றினத்தைத் துணிய முற்படுவோன் நல்ல ஓடு கிடைக்குமளவும் பொறுத்தல் வேண்டும். தெரிந்த அளவே கூறி நிற்றலும் அறிவின் ஓர் இலக்கணமாகும்.

கடல் இட்டதா? கை இட்டதா?

நிற்க. கொற்கை வயலிற் கிடைத்த துண்டு டர்பினெல்லா பைரமே எனத் துணிந்தோம். இதனால் 'இது யாது?' என்னும் வினா தீர்ந்தது. 'இங்கே வந்தது எங்ஙனம்?' என்பது தீரவில்லை. கடல் இட்ட சங்கிற்கும் தொழிலாளி எறிந்த சங்கிற்கும் பெயர் ஒன்றே. எனவே பெயரைக் கடந்து வேறு குறிகளை நோக்குதல் வேண்டும்.

முதலிற் கூட்டத்தை நோக்குக. கடல் தன் பொருள்களைத் தெரிந்தெடுப்பதில்லை. அது விட்டுச்சென்ற படிவிற் சிறியதும் பெரியதும், நத்தையும் இருவாய்ச் சிப்பியும், பயனுள்ளதும் பயனற்றதும் கலந்திருக்கும். சில சிப்பிகள் இரு மூடியும் பிரியாமலே கிடக்கும். மனிதன் தெரிந்தெடுப்பவன். அவன் கூட்டிய குவியலிற் பெரிய சங்குகளே மிகுந்திருக்கும், இளஞ்சங்குகள் அரிதாயிருக்கும்.

இரண்டாவதாக, அவ்வுயிரின் வாழிடத்தை எண்ணுக. சங்கு பெரும்பாலும் பல பாக ஆழத்தில் மணற்பாங்கான கடலடியில் வாழ்ந்து புழுக்களைத் தின்னுவது. கழியின் சேற்றில் வாழ்வதன்று. ஆற்றுமுகத்துப் பழைய கழியொன்று மண்மூடிப் போயிருப்பின், அதிற் கழிக்குரிய கூம்பு நத்தைகளையே மிகுதியும் எதிர்பார்த்தல் வேண்டும். அத்தகைய களிமண்ணில் முதிர்ந்த சங்குகள் குவிந்து கிடப்பின் அவை மனிதர் கைப்பட்டு வந்தன எனல் பொருந்தும். புயலடித்துக் கரையொதுங்கிய சங்கு ஒன்றிரண்டு இருக்கலாம், குவியல் இராது.

மூன்றாவதாக, ஓட்டின் தழும்புகளை நோக்குக. உயிர் இறந்தபின் நெடுநாள் கடலடியிற் கிடந்த ஓட்டின் உட்புறத்திலும் உடைந்த விளிம்பிலும் புழுக்கள் கூடு கட்டியிருக்கும். கடற்பஞ்சு துளைத்த சிறு துளைகள் காணப்படும். உயிரோடு பிடித்துக் கரைசேர்த்த சங்கின் உட்புறமோ தூய்மையாயிருக்கும். வளை அறுப்போர் முதலில் உச்சியையும் நடுத்தண்டையும் நீக்கி, எஞ்சிய குழாயை வாளாற் குறுக்கே வட்டமாக அறுப்பர். வாள் சென்ற முகம் சமமாயும் இணைகோடுகள் உடையதாயும் இருக்கும். வளையல் ஊருக்கு ஊர் சென்றுவிடும். உச்சியும் தண்டும் பட்டறையிலேயே கிடக்கும். சென்னை மாகாண மீன்துறையிற் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், கொற்கையிலும் காயலிலும் இத்தகைய அறுத்த துண்டுகளைக் கண்டெடுத்து, இங்குப் பண்டு வளைத்தொழில் நடைபெற்றதெனத் தம் 1914-ஆம் ஆண்டு நூலிற் காட்டினார். குஜராத்திலுள்ள நாகேசுவரத்திற் சிந்துவெளிக் காலத்துப் பட்டறையைக் கண்டறிந்ததும் இவ்வகைக் கழிவுகளாலேயே; அங்கு அறுபட்டதும் இதே டர்பினெல்லா பைரமாகும்.

நான்காவதாக, ஓட்டினுள் அடைந்துள்ள மண்ணை நோக்குக. உள்ளே கடல்மணலும் வெளியே குளத்துக் களியும் இருப்பின் அவ்வோடு வேறிடத்தினின்று பெயர்ந்து வந்தது என ஐயுறலாம். உடன் கிடைக்கும் பானையோடு, கரி, எலும்பு ஆகியனவும் சாட்சி சொல்லும்.

காலங் கணித்தலிலும் இவ்வேறுபாடு முதன்மை உடையது. கடலுயிரின் ஓடு, கடல்நீரிற் கலந்துள்ள பழைய கரியைக்கொண்டு கட்டப்படுவது. ஆதலின் கதிரியக்கக் கணிப்பில் அது தன் உண்மை வயதினும் சில நூற்றாண்டுகள் மூத்ததாய்த் தோன்றும். அக்கழிவைத் திருத்தாமல் ஓட்டின் வயதையும் அடுப்புக்கரியின் வயதையும் ஒப்பிடுதல் தவறாகும். தொழிலாளி எறிந்த சங்கு ஊரின் காலத்தைக் காட்டும். கடல் இட்ட சங்கு ஊருக்கு முற்பட்ட கரையின் காலத்தைக் காட்டும். எது எவ்வகை என்று அறியாதவழிக் கணிப்பு எத்துணை நுட்பமாயினும் பயனில்லை.

மாணாக்கர்க்குச் சில சொற்கள்

கிணறு தோண்டும்போதும், மணல் அள்ளும்போதும், உப்பளம் வெட்டும்போதும் நம் பக்கத்தில் நாள்தோறும் ஓடுகள் வெளிப்படுகின்றன. ஒருமுறை கலைந்த மண்ணடுக்கு மீண்டும் அமையாது. அருகில் நிற்கும் மாணவன் ஒருவன் ஐந்து நிமிடம் செலவிட்டு எழுதும் குறிப்பே பின்னாளில் அவ்விடத்தின் ஒரே வரலாறாக எஞ்சுதல் கூடும்.

ஆகவே ஓடொன்று காணின் முதலில் அதனைக் கிடந்த நிலையிலேயே அளவுகோலுடன் படம் எடுத்துக்கொள்க. ஊர், புல எல்லை, நிலமட்டத்தினின்று ஆழம், மண்ணின் நிறமும் தன்மையும், உடன் கிடந்தவை, நாள் ஆகியவற்றை அங்கேயே எழுதுக. வீட்டிற்கு வந்து நினைவிலிருந்து எழுதலாம் என விடற்க. எடுத்த ஓட்டை அமிலமிட்டுக் கழுவற்க. அமிலம் ஓட்டையும் தின்னும், தழும்பையும் அழிக்கும். உள்ளிருக்கும் மண்ணைத் தட்டிக் கொட்டற்க. ஓட்டிலும் குறிப்பிலும் ஒரே எண்ணை இடுக. தொல்லியல் துறையாற் காக்கப்பெறும் இடங்களிலோ தாமாக அகழ்தல் சட்டத்திற்கும் அறத்திற்கும் மாறானது. அங்குக் கண்டதை அத்துறையினர்க்கு அறிவித்தலே கடமை.

பெயரை எழுதும்போதும், இன்ன குறிகளால் இப்பெயர் துணிந்தேன் என்று உடன் எழுதுக. குறிகள் எழுதப்பட்டிருப்பின் பின்வருவோன் அப்பெயரைச் சோதித்து ஏற்கவோ திருத்தவோ இயலும். லின்னேயசின் வொலூட்டாவைப் பின்வந்தோர் திருத்த முடிந்தது அவர் தம் குறியை வெளிப்பட எழுதியிருந்தமையாலேயாம்.

பெயரும் இடமும் கூடியவழியே ஓடு சான்றாகும். பெயரில்லாத ஓடு ஊமைச் சாட்சி. இடமில்லாத ஓடு ஊரறியாத சாட்சி. இரண்டும் பொருந்திய ஒரு சிறு துண்டு, அரும்பொருட்சாலையின் அழகிய வலம்புரியினும் அறிவுக்குப் பெரும்பயன் தருவதாம். பொருநை கொணர்ந்த வண்டலுக்கடியிற் கடலும் கைத்தொழிலும் ஒருங்கே புதைந்துள்ளன. அவற்றை வேறு பிரித்தறியும் கண்ணும் பொறுமையும் நம் கல்லூரி மாணாக்கர்க்கு உண்டாகுக.